ஒலியின் வழியே ஒளியைக் கண்ட அறிஞர் சர் சி. வி. இராமன்

திரிங்காப் வட்டாரத்தில் வாழும் நமக்குத் திருவிழா என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஒலியே ஆகும். கோவில் வாயிலில் நட்ட கம்பத்தின் உச்சியில் கட்டப்பட்ட ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே பாடத் தொடங்கிவிடும். பனி மூடிய தேயிலைச் சரிவுகளையும் படிப்படியாக அமைந்த காய்கறித் தோட்டங்களையும் கடந்து அவ்வொலி எதிர்மலையில் மோதித் திரும்பி வரும். மாலையில் உறுமியும் தவிலும் முழங்கும்போது, காதால் கேட்பதற்கு முன்னரே நெஞ்சுக்கூடு அதிர்வதை நாம் உணர்வோம்.

ஒலிபெருக்கிக்குள் இருப்பது மெல்லிய கூம்பு ஒன்றே. உறுமியின் வாயில் இருப்பது காய்ந்த தோல் ஒன்றே. உயிரற்ற இவை எவ்வாறு பேசுகின்றன? இக்கேள்வி நம் மாணவர்களுள் பலருக்கு ஏதாவது ஒரு நாளில் தோன்றியிருக்கும். விடை சொல்ல நேரமில்லாத பெரியவர்கள், போய்ப் பாடத்தைப் படி என்று அனுப்பியிருப்பார்கள். ஆனால், இத்தகைய கேள்வியைச் சிறு வயதில் தொடங்கி முதுமை வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த தமிழர் ஒருவர் இருந்தார். அக்கேள்வியே அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது. அவர்தாம் சர் சந்திரசேகர வேங்கட இராமன். அவருடைய வாழ்க்கையைச் சொல்லப் புகுமுன், நாம் பள்ளியில் செய்து பார்த்த எளிய சோதனை ஒன்றை இங்கு விளக்க விரும்புகிறோம். அச்சோதனையைச் செய்து பார்த்தோர்க்கு இராமனின் உள்ளம் எளிதில் விளங்கும்.

ஒரு சிறு சோதனை

இதற்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில. பேட்டரியால் இயங்கிப் பழுதாகிப்போன பழைய வானொலியிலிருந்து எடுத்த சிறு ஒலிபெருக்கி ஒன்று. டார்ச்லைட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று. மேலுறை நீக்கிய முனைகளை உடைய கம்பித் துண்டுகள் சில. ஒரு பிடி அரிசி. கத்தி தீட்டும் அரம் ஒன்று. அரம் இல்லாத தோட்ட வீடு ஏது?

ஒலிபெருக்கியின் பின்புறத்தில் இரண்டு இணைப்பு முனைகள் இருக்கும். அவற்றில் ஒவ்வொரு கம்பியை இணைத்துக்கொள்ள வேண்டும். கூம்பின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி ஒலிபெருக்கியை மேசைமேல் வைத்து, கூம்பினுள் பத்துப் பன்னிரண்டு அரிசி மணிகளை இட வேண்டும். ஒரு கம்பியைப் பேட்டரியின் ஒரு முனையில் பிடித்துக்கொண்டு, மற்றொரு கம்பியால் அடுத்த முனையை ஒரு நொடி தொட்டுவிட்டு எடுக்க வேண்டும். தொட்டதும் டக் என்று ஓர் ஒலி கேட்கும், அரிசி துள்ளும். எடுத்ததும் மீண்டும் ஒரு டக். விரல் நுனியைக் கூம்பின் ஓரத்தில் மெல்ல வைத்திருந்தால், தொடும்போது கூம்பு வெளியே தள்ளப்படுவதும், எடுக்கும்போது பழைய இடத்திற்குத் திரும்புவதும் தெரியும். பேட்டரியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தொட்டால், கூம்பு முன்போல வெளியே வராமல் உள்ளே இழுக்கப்படும்.

இனி அடுத்த படி. ஒலிபெருக்கியின் ஒரு கம்பியைப் பேட்டரியின் ஒரு முனையில் சேர்க்க வேண்டும். பேட்டரியின் மறு முனையை இன்னொரு கம்பியால் அரத்தோடு இணைக்க வேண்டும். ஒலிபெருக்கியின் இரண்டாவது கம்பி முனையை அரத்தின் மேல் மெல்ல இழுக்க வேண்டும். அரத்தின் ஒவ்வொரு பல்லிலும் கம்பி தொட்டுத் தொட்டு விடுபடுகிறது. ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு டக். மெல்ல இழுத்தால் டக் டக் என்று தனித்தனியாகக் கேட்கும். சற்று விரைந்து இழுத்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து உறுமலாகும். மேலும் விரைந்து இழுத்தால் அவ்வுறுமலின் சுருதி உயரும். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் பத்துப் பற்கள் உள்ள அரத்தில், ஒரு விநாடியில் 20 சென்டிமீட்டர் தூரம் கம்பியை இழுத்தால் 200 முறை மின்சாரம் பாய்ந்து நிற்கிறது. கூம்பும் 200 முறை அசைகிறது. தனித்தனித் தட்டல்கள் ஒரு குரலாக மாறுவதை அன்று நம் மாணவர்கள் தம் காதாலேயே கேட்டனர். முதன்முறை அவ்வுறுமல் எழுந்தபோது வகுப்பறையில் எழுந்த ஆரவாரம் அடுத்த வகுப்புக்கும் எட்டியது.

இதன் காரணம் யாது? ஒலிபெருக்கியின் பின்புறத்தில் வலிய காந்தம் ஒன்று உள்ளது. கூம்பின் அடிப்பகுதியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று ஒட்டப்பட்டு, அக்காந்தத்தின் இடுக்கினுள் எதையும் தொடாமல் நிற்கிறது. சுருளில் மின்சாரம் பாயும்போது காந்தம் அதனைத் தள்ளுகிறது. மின்சாரத்தின் திசை மாறினால் தள்ளும் திசையும் மாறுகிறது. சுருள் அசையக் கூம்பு அசைகிறது. கூம்பு அசையக் காற்று அசைகிறது. அக்காற்றின் அசைவு நம் செவிப்பறையை அசைக்கிறது. ஒலி என்பது இவ்வளவே. மின்சாரத்திற்கும் காந்தத்திற்கும் உள்ள உறவை டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் 1820-ஆம் ஆண்டில் கண்டார். மின்சாரம் பாயும் கம்பி காந்தத்தின் அருகே நகர்வதை இலண்டனில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த மைக்கேல் பாரடே 1821-இல் செய்து காட்டினார். இன்று நாம் காணும் வகையிலான ஒலிபெருக்கியை ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் அமெரிக்காவில் 1925-இல் உருவாக்கினர்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இச்சோதனைக்குச் சிறு பேட்டரியே போதும். சுவரிலுள்ள மின்சாரப் பிளக்குடன் எந்தக் கம்பியையும் இணைத்தல் உயிருக்கே ஊறு செய்யும். கம்பியை நெடுநேரம் பேட்டரியில் தொட்டபடி வைத்திருந்தால் சுருள் சூடாகும், பேட்டரியும் வீணாகும். பெற்றோரோ ஆசிரியரோ அருகில் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

அசைவே ஒலி என்னும் இவ்வுண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு இனி இராமனின் வரலாற்றைக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

நம் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை அளக்க வந்தது 1885-ஆம் ஆண்டாகும். அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின்னர், 1888 நவம்பர் 7-ஆம் நாள், தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் ஆசிரியர். இராமன் சிறு குழந்தையாக இருந்தபோதே அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி கிடைத்தமையால் குடும்பம் அங்குக் குடியேறிற்று. வீட்டில் செல்வம் மிகுதி இல்லை. ஆயினும் நூல்கள் இருந்தன. தந்தையார் வாசிக்கும் வயலினும் இருந்தது. நரம்பின்மேல் வில் உரசும்போது இனிய ஓசை பிறப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அவ்வோசை எங்கிருந்து வருகிறது என்று எண்ணத் தொடங்கியதில் வியப்பில்லை.

இராமன் பதினோராம் வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904-இல் இளங்கலைத் தேர்வில் முதலிடமும் தங்கப் பதக்கமும் பெற்றார். மாணவராக இருந்தபோதே ஒளியைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1906-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த அறிவியல் இதழில் அச்சேறியது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. இசையொலிகளைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய பெருநூலும் அவர் கைக்கு எட்டியது. அந்நூல் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

அலுவலகமும் ஆய்வுக்கூடமும்

அந்நாளில் இந்தியாவில் அறிவியல் ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்டு வாழ்வது அரிது. எனவே இராமன் அரசாங்க நிதித்துறைத் தேர்வை எழுதி முதலிடம் பெற்றார். 1907-இல் லோகசுந்தரி அம்மையாரை மணந்து, அவ்வாண்டே கல்கத்தாவில் உயர் கணக்கு அதிகாரியாகப் பணியேற்றார். நல்ல ஊதியம், உயர்ந்த மதிப்பு, பத்தொன்பது வயதும் நிரம்பாத இளைஞருக்கு இதற்குமேல் வேறென்ன வேண்டும் என்றே எவரும் எண்ணுவர்.

ஒரு நாள் டிராம் வண்டியில் செல்லும்போது பௌபஜார் தெருவில், 210-ஆம் எண்ணுள்ள கட்டடத்தில், அறிவியல் வளர்ச்சிக்கான இந்தியக் கழகம் என்னும் பொருள்படும் பெயர்ப் பலகை ஒன்று இராமனின் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் நிறுவிய கழகம் அது. இந்தியர் தம் சொந்த முயற்சியால் அறிவியல் ஆராய வேண்டும் என்பது அப்பெரியாரின் கனவு. ஆனால் அங்கே கருவிகள் இருந்தும் ஆய்வு செய்வார் இல்லை. இராமன் அக்கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் அசுதோஷ் தே என்னும் உதவியாளர். அன்றுமுதல் அவ்விருவரும் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் இணைந்து உழைத்தனர்.

அசுதோஷ் தே பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். கருவிகளைத் துடைத்து, கூடத்தைப் பேணும் பணியில் இருந்தவர் அவர். ஆனால் கைத்திறனும் பொறுமையும் வாய்ந்தவர். இராமன் அவரை ஏவலாளராக நடத்தவில்லை, உடனாய்வாளராக மதித்தார். பட்டம் பெறாத அவ்வுழைப்பாளி தம் பெயரிலேயே எழுதிய கட்டுரை இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளிவரும் நிலைக்கு உயர்ந்தார். இச்செய்தியை நம் தோட்டத்துப் பெரியோர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். கையால் உழைப்பவர்க்கும் அறிவியலுக்கும் இடையே சுவர் ஏதும் இல்லை என்பதற்கு இவரே சான்று.

இராமனின் அன்றாட ஒழுங்கு வியக்கத்தக்கது. விடியுமுன் ஆய்வுக்கூடம் செல்வார். காலை உணவுக்கு வீடு திரும்பிப் பின்னர் அலுவலகம் செல்வார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் முடிந்ததும் நேரே மீண்டும் ஆய்வுக்கூடம். இரவு ஒன்பது, பத்து மணிக்கே இல்லம். நம் தோட்டங்களில் முற்காலத்தில் இருளோடு எழுந்து பெரட்டுக்குச் சென்றோர்க்கு இவ்வாழ்க்கையின் அருமை நன்கு தெரியும். 1909-இல் இரங்கூனுக்கு மாற்றப்பட்டார், அடுத்து நாகபுரிக்கு. சென்ற இடத்திலும் வீட்டிலேயே கருவிகளை அமைத்து ஆய்ந்தார். 1911-இல் கல்கத்தாவுக்குத் திரும்பியதும் மீண்டும் அதே பௌபஜார் தெரு.

நரம்பும் தோலும்

அக்காலத்தில் அவர் பெரிதும் ஆராய்ந்தது ஒலியையே. வயலின் நரம்பு வில்லின்கீழ் எவ்வாறு அசைகிறது என்பதை ஒளிப்படம் எடுத்து ஆராய்ந்தார். மனிதக் கை வில்லை என்றும் ஒரே வேகத்தில் இழுப்பதில்லை. அரத்தில் கம்பியை இழுத்த நம் மாணவர்கள் இதனை நன்கு அறிவர். ஆகவே வில் ஒரே வேகத்திலும் ஒரே அழுத்தத்திலும் உரசும்படி இயந்திர வயலின் ஒன்றையே அவர் அமைத்தார். வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்தார்.

பின்னர் அவர் பார்வை மத்தளத்தின்மேல் விழுந்தது. நம் பெருமைக்குரிய பகுதி இதுவே ஆதலின் சற்று விரித்துரைப்போம்.

ஒரு நரம்பை மீட்டினால் அது ஒரே வகையில் மட்டும் அதிர்வதில்லை. முழு நரம்பும் அதிரும். அதே வேளையில் பாதி பாதியாகவும், மூன்றில் ஒரு பங்காகவும், நான்கில் ஒரு பங்காகவும் அதிரும். ஆகவே அதன் அதிர்வுகள் 1, 2, 3, 4 என்னும் முழு எண் கணக்கில் அமைகின்றன. நம் காது இக்கணக்கை இனிமை என்று உணர்கிறது. ஆனால், சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் அதன் அதிர்வுகள் இக்கணக்கில் அமைவதில்லை. முதல் அதிர்வு 1 எனின் அடுத்தவை ஏறத்தாழ 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கின்றிச் செல்கின்றன. அதனால் ஓசை எழுமேயன்றித் தெளிந்த சுருதி எழாது. இக்காரணம் பற்றியே பறை வகைகளை இரைச்சல் எழுப்பும் கருவிகள் என்று மேலைநாட்டு ஒலியியல் நூல்கள் ஒதுக்கின.

மிருதங்கம் அப்படியா ஒலிக்கிறது? பாடுவோரின் சுருதியோடு அது இயைகிறதே! இராமன் இதனைக் கேட்டார், காரணத்தைத் தேடினார். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலின் நடுவில் கருநிற வட்டம் ஒன்று இருப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். இரும்புச் சத்துள்ள கல்லின் நுண்பொடியைச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய படலமாகப் பூசி, தேய்த்துக் காயவைத்து, மீண்டும் பூசி என்று பொறுமையாக அமைப்பது அது. நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். அலங்காரத்திற்காகப் பூசியது என்று பலர் எண்ணிவந்த அவ்வட்டமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று இராமன் கண்டார். நடுவில் அமைந்த எடை தோலின் அதிர்வுகளை மாற்றி, அவற்றை 1, 2, 3, 4, 5 என்னும் முழு எண் கணக்குக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. தோல் நரம்பைப்போல் பாடுகிறது! சிவகாளி குமார் என்பாருடன் சேர்ந்து இராமன் இச்செய்தியை 1920-ஆம் ஆண்டில் நேச்சர் என்னும் புகழ்பெற்ற ஆங்கில அறிவியல் ஏட்டில் வெளியிட்டார்.

இவ்விடத்தில் நம் சோதனையை நினைவு கூர்தல் தகும். ஒலிபெருக்கியின் கூம்பும் மிருதங்கத்தின் தோலும் அசைந்தே ஒலி எழுப்புகின்றன. ஆனால் இரண்டின் கடமையும் வேறு. கூம்பு தனக்கெனக் குரல் இல்லாமல், மின்சாரம் சொல்வதை அப்படியே சொல்ல வேண்டும். தோலோ தனக்கென ஒரு குரல் உடையதாக இருக்க வேண்டும். அக்குரலைத் தோலுக்குத் தந்தவர்கள் யார்? எழுத்தறிவும் பட்டமும் இல்லாமல், தோலைப் பதப்படுத்தி, பூசிப் பூசித் தட்டிப் பார்த்து, காதையே அளவுகோலாகக் கொண்ட பெயர் அறியாத கைவினைஞர்கள். அவர்களுடைய கையில் இருந்த அறிவை எண்களாக மாற்றி உலகின்முன் வைத்தவர் இராமன். பழங்காலக் கருவி செய்தோர்க்குச் சேர வேண்டிய பெருமையை அவர் மறைக்கவில்லை.

துணிந்த முடிவு

கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சர் அசுதோஷ் முகர்ஜி இராமனின் ஆராய்ச்சிகளைக் கண்டு மகிழ்ந்து, பாலித் பெயரால் அமைந்த இயற்பியல் பேராசிரியர் பதவியை அளிக்க முன்வந்தார். வெளிநாடு சென்று பயிற்சி பெற்றவரே அப்பதவிக்கு வரலாம் என்று ஒரு விதி இருந்தது. அதற்காக வெளிநாடு செல்ல இராமன் இசையவில்லை, விதியே தளர்த்தப்பட்டது. அப்பதவியின் ஊதியம், அவர் அரசாங்க வேலையில் பெற்றதில் ஏறத்தாழப் பாதிதான். 1917-ஆம் ஆண்டில் அவர் தயங்காமல் உயர்ந்த வேலையைத் துறந்து பேராசிரியர் ஆனார்.

இம்முடிவு எளிதன்று. மனைவி மக்களோடு வாழும் ஒருவர் பாதி ஊதியத்தை இழப்பது எத்தகைய செயல் என்பது மாதச் சம்பளத்தில் வீடு நடத்தும் நம் பெற்றோர்க்குத் தெரியாததன்று. பணத்தைத் துறப்பது சிறப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. தம் உள்ளம் எதில் உள்ளதோ அதற்கு முழு நாளையும் தர அவர் விரும்பினார். அதற்கு உரிய விலையை அறிந்தே கொடுத்தார் என்பதையே சொல்ல வருகிறோம்.

கடலின் நீலமும் புதிய ஒளியும்

1921-இல் இங்கிலாந்தில் நடைபெற்ற பல்கலைக்கழக மாநாட்டுக்கு இராமன் முதன்முறையாகக் கப்பலேறினார். இலண்டனில் புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்தடியில், சுவரோரம் மெல்லப் பேசினாலும் எதிர்ப்புறம் தெளிவாகக் கேட்கும் விந்தையைச் சோதித்துப் பார்த்தார். அங்கும் ஒலியே அவரை இழுத்தது. திரும்பும் வழியில் நடுக்கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்பது அக்காலக் கொள்கை. இராமன் கப்பலின் மேல்தளத்தில் நின்று சிறு படிகக் கருவியால் கடலை நோக்கி, நீர் தானே ஒளியைச் சிதறச் செய்வதாலும் அந்நீலம் உண்டாகிறது என்று கண்டார்.

அன்றுமுதல் ஏழாண்டுகள் ஒளிச் சிதறலை ஆராய்ந்தார். தமிழ்நாட்டு வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் முதலிய இளைஞர்கள் அவருக்குத் துணைநின்றனர். நம் மேட்டுநிலத்தில் முதல் பெரிய தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கப்பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில், 1928 பிப்ரவரி 28-ஆம் நாள், கல்கத்தாவின் அதே எளிய ஆய்வுக்கூடத்தில், இராமன் விளைவு என்று இன்று உலகம் வழங்கும் உண்மை உறுதியாயிற்று. ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு நீர்மத்தின் ஊடே செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி வேறு நிறமாக மாறி வருகிறது என்பதே அவ்வுண்மை.

அவ்வொளி ஏன் மாறுகிறது? பொருள்களின் மூலக்கூறுகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு பொருளின் மூலக்கூறும் தனக்கே உரிய கணக்கில் அதிர்கிறது, ஒவ்வொரு மத்தளமும் தனக்கே உரிய சுருதியில் ஒலிப்பதுபோல. மோதிச் செல்லும் ஒளி அவ்வதிர்வின் அடையாளத்தைத் தாங்கி வருகிறது. எனவே ஒளியைப் பார்த்தே பொருளை அறியலாம். இன்றும் மருந்துகளையும் மணிக்கற்களையும் தொடாமல் சோதிக்க இம்முறை பயன்படுகிறது. நரம்பின் அதிர்வில் தொடங்கித் தோலின் அதிர்வுக்குச் சென்றவர், கண்ணுக்குத் தெரியாத மூலக்கூற்றின் அதிர்வுவரை சென்றுவிட்டார். ஆராயும் பொருள் மாறியது, கேள்வி மாறவில்லை.

1929-இல் சர் பட்டமும், 1930-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசும் அவரை வந்தடைந்தன. அறிவியல் துறையில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

மீண்டும் மத்தளத்திடம்

பெரும்புகழ் வந்தபின் பழைய நாட்டங்களை மறப்போர் உண்டு. இராமன் மறக்கவில்லை. 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1934-இல் இந்திய அறிவியல் அகாதெமியை நிறுவினார். அந்த அகாதெமியின் முதல் ஏட்டுத் தொகுதியிலேயே மத்தளத்தைப் பற்றி மீண்டும் விரிவாக எழுதினார். தோலின்மேல் நுண்மணலைத் தூவி அதனை அதிரச் செய்தார். அதிரும் இடங்களிலிருந்து மணல் விலகி, அதிராத கோடுகளில் சென்று தங்கிற்று. தோல் எவ்வெவ்வாறு பிரிந்து அசைகிறது என்பதை அம்மணலே படமாக வரைந்து காட்டிற்று. நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் ஒருவர் மத்தளத்தின்முன் அமர்ந்து மணலைத் தூவிக்கொண்டிருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். நம் மாணவர்கள் கூம்பில் அரிசியைத் துள்ளவிட்டுக் கண்டதும் இதே வழியில்தான்: காதுக்கு எட்டுவதைக் கண்ணுக்கும் எட்டச் செய்தல்.

1948-இல் பணி ஓய்வு பெற்றபின் பெங்களூரில் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் மலர்களின் நிறங்களையும் வைரங்களையும் ஆராய்ந்தார். 1954-இல் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கிற்று. 1970 நவம்பர் 21-ஆம் நாள், தம் 82-ஆம் வயதில், அந்நிலையத்திலேயே உயிர் நீத்தார். அவர் விருப்பப்படியே உடல் அந்நிலையத் தோட்டத்தில் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் கல் நினைவுச் சின்னம் எழுப்பப்படவில்லை. ஒரு மரமே நடப்பட்டது. அவர் தம் கண்டுபிடிப்பை உறுதிசெய்த பிப்ரவரி 28-ஆம் நாள் இந்தியாவில் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

நாம் கொள்ள வேண்டுவது

மாணவச் செல்வங்களே! இராமன் ஆராய்ந்த மத்தளம் அயல்நாட்டிலிருந்து வந்த அரும்பொருள் அன்று, கோவில்தோறும் ஒலிப்பது. ஆயிரமாயிரம் பேர் கேட்டனர். ஒருவர் கேள்வி கேட்டார். நம்மைச் சுற்றியும் கேள்விகள் நிறைந்துள்ளன. உறுமியைக் குச்சியால் உரசும்போது அது ஏன் உறுமுகிறது? மழையில் நனைந்த பறையைத் தீயில் காட்டினால் அதன் ஒலி ஏன் உயர்கிறது? எதிர்மலையில் மோதிய ஒலி திரும்பி வர எத்தனை விநாடி ஆகிறது? இவற்றுக்கு விடை காணப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை.

பெற்றோர்களே! பழுதான வானொலியைப் பிள்ளை திறந்து பார்த்தால் உடனே கடிந்துவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, அருகில் அமர்ந்து, நீங்களும் உடன் பாருங்கள். அரத்தைப் பிடிக்கவும் கம்பியைச் சீவவும் உங்களுக்குத் தெரிந்த அளவு ஆசிரியராகிய நமக்குத் தெரியாது. எங்கள் சோதனைக்கு வேண்டிய அரத்தைத் தந்து, அதன்மேல் கம்பியை ஒரே சீராக இழுப்பது எப்படி என்று மாணவர்க்குக் காட்டியவரும் தோட்டத் தொழிலாளியாகிய தந்தை ஒருவரே. அவர் கையில் அன்று எழுந்த ஒலிதான் அனைத்திலும் தெளிவாக இருந்தது.

அடுத்த திருவிழாவில் கம்பத்தின் உச்சியில் ஒலிபெருக்கி பாடும்போதும், அதன்கீழ் உறுமி முழங்கும்போதும், அங்கே அசைவது என்ன என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அவ்வெண்ணமே இராமனுக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.